வெள்ளெழுத்தும் வீட்டுக் கண்ணாடிகளும்

நாற்பது வயதைக் கடந்தோர் செய்தித்தாளைக் கை நீட்டிப் பிடித்துப் படிக்கத் தொடங்குவதை எல்லா இல்லங்களிலும் காண்கிறோம். எழுத்து வெளிறித் தோன்றும் இக்குறையை நம் முன்னோர் ‘வெள்ளெழுத்து’ என்றனர். நாம் குடியேறி வாழும் இம்மராட்டிய மண்ணில் இதனைச் ‘சாளிசி’ என்பர். நாற்பது என்னும் எண்ணிலிருந்து பிறந்த சொல் அது. படிக்கும் கண்ணாடிக்கும் அதுவே பெயர். தெலுங்கர் வழங்கும் ‘சத்வாரம்’ என்பதும் நாற்பதைச் சுட்டுவதே. நாற்பதில் வருவது இயல்பு என்பதை மொழிகளே சொல்லி வைத்திருக்கின்றன.

கண்ணுக்குள் இருக்கும் வில்லை இளமையில் நெகிழ்வுடையது. அருகில் பார்க்கும்போது தடித்தும், தொலைவில் பார்க்கும்போது மெலிந்தும் தன்னை மாற்றிக்கொள்ளும். ஆண்டுகள் ஏற ஏற அது இறுகிவிடுகிறது. இது நரையைப் போன்றதேயன்றி நோயன்று. கண்ணாடி அணிந்தால் ‘பவர்’ ஏறிவிடும் என்று அஞ்சித் தள்ளிப்போடுவோர் பலர். அணியாவிடினும் வில்லை இறுகவே செய்யும். அச்சத்தால் விளையும் நன்மை ஏதுமில்லை.

இனி, கண்ணாடி ஒன்று போதுமா என்பதே கேள்வி. தூரப் பார்வையில் குறையில்லாத முதியவர் ஒருவர் இரண்டரைப் பவர் கண்ணாடி அணிந்தால் சுமார் 40 சென்டிமீட்டரில் உள்ள புத்தகம் தெளிவாகத் தெரியும். ஆயின், 65 சென்டிமீட்டர் தள்ளியிருக்கும் கணினித் திரைக்கு ஏறத்தாழ ஒன்றரைப் பவரே வேண்டும். எதிர்ச்சுவரில் தொங்கும் கடிகாரமோ இவ்விரண்டிலும் மங்கலாகவே தெரியும். ஒவ்வொரு தொலைவும் தனக்கென ஒரு கண்ணாடியைக் கேட்கிறது. அலுவலகத்தில் நம்முடன் பணியாற்றும் மூத்த எழுத்தர்கள் பேரேட்டுக்கு ஒன்று, திரைக்கு ஒன்று என மாற்றி மாற்றி அணிவது இதனாலேயே.

இரண்டையும் ஒரே சட்டத்தில் அடக்கியது இருபார்வைக் கண்ணாடி. இதன் பயனை அமெரிக்க அறிஞர் பெஞ்சமின் பிராங்க்ளின் 1784-இல் தம் கடிதமொன்றில் வியந்து எழுதினார். கோடு தெரியாமல் பவர் படிப்படியாக மாறும் கண்ணாடி 1959-இல் பிரான்சில் விற்பனைக்கு வந்தது. இவை வசதியானவை, எனினும் படியிறங்குகையில் கீழ்ப்பகுதி வழியே பார்த்தால் படி மங்கித் தோன்றும். நம் குடியிருப்பைச் சேர்ந்த பெரியவர் ஒருவர் சென்ற மழைக்காலத்தில், நிலையத்து மேம்பாலத்தின் கடைசிப் படியைத் தரையென்று எண்ணிக் கால் வைத்து விழுந்து, மணிக்கட்டை முறித்துக்கொண்டார். அவர் அணிந்திருந்தது இருபார்வைக் கண்ணாடி. படியிறங்கும்போது கைப்பிடியைப் பற்றி, தலையை நன்கு தாழ்த்தி, மேற்பகுதி வழியே பார்த்தல் வேண்டும். வெளியில் செல்லத் தூரப் பார்வைக் கண்ணாடியைத் தனியே வைத்திருப்பின் இன்னும் நன்று.

கண்ணாடிகள் பலவானால் குழப்பமும் வரும். அதற்கு எளிய வழி, ஒவ்வொன்றையும் அது பயன்படும் இடத்திலேயே வைப்பது. படிப்பது மேசையில், தூரத்துக்கானது வாயிலருகே. காதில் மாட்டும் கம்பியில் வெவ்வேறு நிற நூல் சுற்றிவைத்தால் தடவிப் பார்க்க வேண்டியதில்லை. ஊருக்குப் புறப்படுகையில் பழைய கண்ணாடியொன்றையும், மருத்துவர் எழுதிய பவர் சீட்டையும் உடன் கொள்க. ரயிலில் உறங்கும்போது கண்ணாடியைத் தலையணையடியில் வையாது, கூட்டிலிட்டுப் பைக்குள் வைக்க.

நம்மவரிடம் உள்ள வேறொரு பழக்கத்தையும் கூறியாக வேண்டும். மகனின் வீட்டு வாடகையையும் பேரனின் பள்ளிக் கட்டணத்தையும் எண்ணித் தமக்கொரு கண்ணாடி கேட்கக் கூசும் பெற்றோர் பலர். தாத்தாவின் கண்ணாடியை வாங்கி மாட்டிக்கொண்டு பாட்டி மாத்திரைப் பெயரைப் படிக்கிறார். சிக்கனம் என்று இதனைப் போற்றுதல் தகாது. ஓர் எழுத்து மாறிப் படித்தால் மருந்தே மாறிவிடும்.

வண்டி ஓட்டுவோரின் கண்களை ரயில்வே குறித்த காலந்தோறும் சோதிக்கிறது; வயது ஏற ஏற அவ்விடைவெளியும் குறைகிறது. இல்லத்தாருக்கும் அந்நெறி பொருந்தும். நாற்பதுக்கு மேல் கண்ணழுத்தத்தையும் சேர்த்துப் பார்த்துக்கொள்வது நலம். சர்க்கரை நோயாளர் சர்க்கரை கட்டுக்குள் வந்தபின் பவர் பார்த்தலே முறை. சர்க்கரை ஏறியிறங்கும்போது பவரும் மாறும். கண்ணாடியில்லாமலே திடீரெனப் படிக்க முடிகிறதென்று முதியவர் மகிழ்ந்தால், அது கண்புரையின் தொடக்கமாகவும் இருக்கலாம்; மருத்துவரிடம் காட்டுக.

அன்பர்களே! இவ்விதழை உங்கள் தாயாரிடமோ தந்தையாரிடமோ கொடுத்து, இப்பத்தியைப் படித்துக் காட்டுமாறு கேளுங்கள். அவர்கள் கை நீண்டால் மறுவாரமே கண் மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். அவர்களாக ஒருநாளும் கேட்கமாட்டார்கள்.