சேந்தன் அமுதனுக்கு எதுக்குங்க கிரீடம்?

ரெண்டு வாரம் முன்னாடி ஆபீஸ் கேன்டீன்ல ஆரம்பிச்ச சண்டை இது. "கதையில வர்ற ஆம்பளைங்கள்ல ஒருத்தனைக் கட்டிக்கலாம்னா யாரைக் கட்டிப்பீங்க?"ன்னு ஒருத்தி கொளுத்திப் போட்டா. மேஜையில இருந்தது அஞ்சு தமிழ்ப் பொண்ணுங்க. நாலு பேர் யோசிக்கவே இல்ல. "வந்தியத்தேவன்!"

நான் மட்டும் "சேந்தன் அமுதன்"னேன்.

"யாரு, அந்தப் பூக்கட்டுறவனா?"ன்னு கேட்டா பாருங்க, அந்த 'பூக்கட்டுறவனா'வுல இருந்த இழுப்புக்குத்தான் இந்தப் பதிவு :-)

முதல்ல ஒண்ணு சொல்லிடறேன். எனக்கு வந்தியத்தேவனைப் பிடிக்காதுன்னு இல்ல. ஒன்பதாவது படிக்கும்போது கூடலூர் நூலகத்துலேர்ந்து ஒவ்வொரு பாகமா எடுத்துட்டு வந்து, அஞ்சு பாகத்தையும் மழைக்காலத்துலயே முடிச்சவ நான். எங்க ஊர் மழைக்காலம் தெரியும்ல? ஜூன்ல ஆரம்பிச்சா துணி காயாது, கரண்ட் இருக்காது, படிக்கிறதைத் தவிர வேற வேலையும் இருக்காது. அப்ப எனக்கும் அவன்தான் ஹீரோ. குதிரை, வாய், துணிச்சல், குந்தவை முன்னாடி மட்டும் தடுமாறுற நாக்கு. யாருக்குத்தான் பிடிக்காது?

ஆனா இருபத்தெட்டு வயசுல மறுபடி படிக்கிறப்ப கண்ணுல வேற படுது. இந்த ஆள் போற இடமெல்லாம் ஏதாவது வம்பு. அந்த வம்புக்குப் பக்கத்துல இருக்கிறவன் பலி. தஞ்சாவூர்ல தங்க இடம் கொடுத்து, தப்பிச்சுப் போக உதவியும் பண்ண பாவத்துக்கு ஜெயிலுக்குப் போனது யாரு? நம்ம அமுதன். ப்ராஜெக்ட்ல இப்படி ஒருத்தன் இருப்பான் பாருங்க, டெமோல கைதட்டல் முழுக்க அவனுக்கு, ராத்திரி உக்காந்து பக் சரி பண்றது இன்னொருத்தன். அஞ்சாறு வருஷம் வேலை பார்த்தப்புறம் எனக்கு அந்த இன்னொருத்தன் மேலதான் மரியாதை வருது.

அமுதன் என்ன பண்றான்? பூப்பறிக்கிறான், மாலை கட்டுறான், தேவாரம் பாடுறான், வாய் பேச முடியாத அம்மாவைப் பார்த்துக்கிறான். மாமன் மகள் பூங்குழலி மேல உயிரா இருக்கான். அவளோ இளவரசரை நினைச்சுக்கிட்டு நடுக்கடல்ல படகு விடுறவ. அது இவனுக்கும் தெரியும். தெரிஞ்சும் அவளைத் திட்டல, பின்னாடியே போய் நச்சரிக்கல, "என்னை ஏமாத்திட்டா"ன்னு தாடி வளர்க்கல. தமிழ் சினிமா ஹீரோவுக்கு இந்த மூணுல ஒண்ணு கூட இல்லாம காதலிக்கத் தெரியுமா சொல்லுங்க?

இதுவரைக்கும் சரி. அப்புறம்தான் கல்கி என் வயித்தெரிச்சலைக் கொட்டிக்கிறாரு. பூக்கட்டுறவன் பூக்கட்டுறவனே இல்லையாம். கண்டராதித்தரோட பிள்ளையாம், உத்தம சோழனாம். தலையில கிரீடம்!

கல்கி ஏன் பண்ணாருன்னு புரியுது. ராஜராஜனுக்கு முன்னாடி உத்தம சோழன் ஆண்டான்ங்கறது வரலாறு. கதையில அதுவரைக்கும் மதுராந்தகன்னு காட்டின ஆளை வச்சு அந்த முடிவைக் கொண்டு வந்தா நமக்கு ஆறாது. அதனால நமக்குப் பிடிச்ச ஒருத்தனை அந்த நாற்காலியில உக்கார வச்சுட்டாரு. 1950லேர்ந்து 1954 வரைக்கும் வாரா வாரம் காத்திருந்து படிச்சவங்களுக்கு அது பெரிய விருந்தா இருந்திருக்கும். ஆனா பூங்குழலி பக்கத்துலேர்ந்து யோசிச்சுப் பாருங்க. ராணியாகணும்னு கனவு கண்ட பொண்ணு கடைசியில ஒரு சாதாரண ஆளுக்குச் சரின்னு சொல்றது எவ்வளவு பெரிய விஷயம்! அந்தச் 'சரி'க்கு மேல கிரீடத்தை வச்சு மூடிட்டாரே. மணிரத்னம் படத்துல (2022, 2023) இந்த ஆள்மாறாட்டத்தையே எடுத்துட்டு, மதுராந்தகனா வந்த ரகுமானுக்கே முடிசூட்டிட்டாங்க. அப்பாடான்னு இருந்துச்சு. ஆனா அமுதனுக்கு இருந்த சீனையும் சேர்த்து எடுத்துட்டாங்க. கிரீடம் இல்லாதவனுக்குக் கால்ஷீட்டும் இல்ல போல.

கல்கியை மட்டும் சொல்லிக் குத்தமில்ல. டார்சியை எடுத்துக்கோங்க (ஜேன் ஆஸ்டின், 1813). வருஷத்துக்குப் பத்தாயிரம் பவுண்டு வருமானம்ங்கறது அவன் வாயைத் திறக்கிறதுக்கு முன்னாடியே ஊருக்கே தெரிஞ்சுடுது. எப்பலேர்ந்து அவனைப் பிடிச்சுதுன்னு அக்கா கேட்டா, அவனோட பங்களாவையும் தோட்டத்தையும் பார்த்த நாள்லேர்ந்துதான்னு எலிசபெத்தே கிண்டலா சொல்றா. எங்க அம்மா தலையணைக்கு அடியில வச்சுப் படிச்ச ரமணிசந்திரன் நாவல்கள்லயும் ஹீரோக்கு ஒரு கம்பெனியோ எஸ்டேட்டோ இருக்கும். எஸ்டேட் முதலாளி! எஸ்டேட்ல கொழுந்து பறிச்சுட்டு வந்து, கை விரல்ல கறையோட எங்க அம்மா அதைப் படிப்பாங்க. அப்ப எனக்கு அது வினோதமா படல.

இப்ப படிச்சுக்கிட்டு இருக்கறது ரெண்டு புத்தகம். மாத்தி மாத்திப் படிக்கிறேன்.

ஒண்ணு, தாமஸ் ஹார்டியோட 'ஃபார் ஃப்ரம் த மேடிங் கிரவுட்' (1874). இதுல கேப்ரியல் ஓக்னு ஒரு ஆட்டுக்காரன். பாத்ஷீபாங்கற பொண்ணைக் கட்டிக்கிறியான்னு கேக்கறான். அவ முடியாதுங்கறா. அதுக்கப்புறம் ஒரே ராத்திரியில அவனோட ஆடெல்லாம் பள்ளத்துல விழுந்து செத்துப் போய் கையில ஒண்ணும் இல்லாம நிக்கறான். கடைசியில அதே பொண்ணோட பண்ணையிலேயே வேலைக்குச் சேர்றான். வேலையைப் பார்க்கறான், காதல்னு கையைப் பிடிச்சு இழுக்கல. அவ தப்பு பண்ணா முகத்துக்கு நேரா சொல்றான். அதுக்காக அவ வேலையை விட்டுத் துரத்துறா, போயிடறான். ஆடுங்களுக்கு வயிறு உப்பிச் சாகக் கிடக்கு, வைத்தியம் தெரிஞ்சவன் இவன் ஒருத்தன்தான். "உடனே வா"ன்னு ஆள் அனுப்புறா. மரியாதையா கேட்டாத்தான் வருவேங்கறான். இவ எழுதிக் கேக்கறா, வர்றான். அந்த இடத்துல புத்தகத்தை மூடி வச்சுட்டு ஜன்னல் வழியா பந்திப்பூர் காட்டையே கொஞ்ச நேரம் பார்த்துக்கிட்டு இருந்தேன். பொறுமையா இருக்கறதும் அடிமையா இருக்கறதும் வேற வேறன்னு இவ்வளவு சுலபமா சொல்லிட்டானே மனுஷன்!

(பஸ்லதான் என் படிப்பு எல்லாம். பெங்களூர்லேர்ந்து கூடலூர் போகணும்னா பந்திப்பூர் வழிதான். 2009லேர்ந்து ராத்திரி ஒன்பது மணிக்கு அந்த ரோட்டை மூடிடறாங்க. அதனால பகல் பஸ். ஒரு ட்ரிப்புக்கு 150 பக்கம் கேரண்டி.)

இன்னொண்ணு 'எரியும் பனிக்காடு'. பி.எச். டேனியல்னு தேயிலைத் தோட்டங்கள்ல டாக்டரா இருந்தவர் 1969ல 'ரெட் டீ'ங்கற பேர்ல இங்கிலீஷ்ல எழுதினது. தமிழ்ல இரா. முருகவேள். பாலாவோட 'பரதேசி' (2013) இதை வச்சு எடுத்ததுதான். வால்பாறைப் பக்கம் ஆனைமலைத் தோட்டம், 1920கள். கருப்பன், வள்ளின்னு ஒரு புருஷன் பொண்டாட்டி. மேஸ்திரி பேச்சை நம்பி மலை ஏறுறாங்க. கடன் கணக்கு தீரவே மாட்டேங்குது, காய்ச்சல்ல கூட இருக்கிறவங்க செத்துப் போறாங்க. இதைக் காதல் கதைன்னு யாரும் சொல்ல மாட்டாங்க. நான் சொல்வேன். தன்னால எதையும் தடுக்க முடியாதுன்னு தெரிஞ்ச ஒருத்தன் பொண்டாட்டி பக்கத்துலேயே நிக்கறானே, அதுக்குப் பேர் வேற என்ன?

இதைப் படிக்கிறப்ப எங்க தாத்தா ஞாபகம் வராம இருக்காது. நாங்க சிலோன்காரங்க. 1964 சிறிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தத்துல இந்தியாவுக்குன்னு பிரிச்ச 5,25,000 பேர்ல அம்மாயி வீட்டுக்காரங்களும் உண்டு. தாத்தா வீட்டுல இலங்கைக் குடியுரிமைக்கு எழுதிக் கொடுத்திருந்தாங்க. ரெண்டு பேரும் ஒரே தோட்டம், பக்கத்துப் பக்கத்து லயம். அம்மாயிக்குப் பேப்பர் வந்ததும் தாத்தா அவசரமா தாலியைக் கட்டி, தன் வீட்டை விட்டுட்டு, அவங்ககூட தலைமன்னார்ல கப்பல் ஏறிட்டாரு. ராமேஸ்வரம், மண்டபம் முகாம், அப்புறம் கூடலூர்ப் பக்கம் டேன்டீ தோட்டம். அவரோட அம்மாவை அதுக்கப்புறம் பார்க்கவே இல்ல.

அவர் கவிதை எழுதல, வாள் சண்டை போடல. சாகற வரைக்கும் லயத்துலதான் இருந்தாரு. கடைசியில அவரு ராஜா பிள்ளைன்னு யாரும் வந்து சொல்லவும் இல்ல :-)

இதையெல்லாம் போன வாரம் அம்மாகிட்ட பெருமையா எடுத்து விட்டேன். கொழுந்துக் கூடையை ஓரமா வச்சுட்டுக் கேட்டாங்க. அப்புறம் சொன்னாங்க:

"உங்க தாத்தா நல்லவருதான், இல்லங்கல. ஆனா மழைக்கு ஒழுகுற கூரைக்கு அடியில நல்லவரோட இருந்து பார்த்தது உங்க அம்மாயி. நீ ஏசி ரூம்ல உக்காந்துக்கிட்டு கிரீடம் வேணாம்னு சொல்ற. வேணும்னு நினைச்சவளுக்குத்தான் அதோட அருமை தெரியும்."

அவ்வ்வ்வ்... சத்தியமா பதில் இல்ல. ரமணிசந்திரனை அவங்க ஏன் படிச்சாங்கன்னு அன்னிக்குத்தான் புரிஞ்சுது. அந்த எஸ்டேட் முதலாளி ஹீரோ மேல அவங்களுக்கு இருந்தது காதலே இல்ல. ஒழுகாத கூரை மேல இருந்த ஆசை. பூங்குழலிக்கும் அப்படித்தான் இருந்திருக்குமோ?

இன்னொண்ணும் ஒத்துக்கணும். வீட்டுல மாப்பிள்ளை பார்க்கறாங்க. மேட்ரிமோனி சைட்ல என் பேர்ல இருக்கற அக்கவுன்ட்ல 'வருமானம்: என்னைவிட அதிகம்'ங்கற மாதிரி ஒரு ஃபில்டர் இருக்கு. அம்மா போடல. சித்தப்பா போடல. நானே போட்டது. கேன்டீன்ல சேந்தன் அமுதன்னு சவுண்டு விட்டவ, அமுதன் வந்து நின்னா லிஸ்ட்லயே வரமாட்டான். கல்கியைத் திட்ட எனக்கு என்ன யோக்யதை?

யோசிச்சுப் பார்த்ததுல எனக்குப் பட்டது இதுதான். அம்மாயிக்கும் அம்மாவுக்கும் கூரை வேணும்னா அது ஆம்பளை வழியாத்தான் வரணும். அதனால ஹீரோன்னா கிரீடத்தோட இருந்தே ஆகணும். அவங்க கேட்டதுல தப்பே இல்ல. ஆனா என் கூரைக்கு நானே சம்பாதிக்கிறேன். கிரீடம் வேணும்னா ஈ.எம்.ஐ.ல நானே வாங்கிப்பேன். அப்படின்னா வர்றவன்கிட்ட நான் கேக்க வேண்டியது மிச்சத்தைத்தானே? முடியாதுன்னு சொன்னா ஏத்துக்கிற மனசு, தப்புன்னா நேர்ல சொல்ற முதுகெலும்பு, மழையில பக்கத்துல நிக்கற கால். இதுக்கெல்லாம் எந்த சைட்லயும் ஃபில்டர் கிடையாது.

வருமான ஃபில்டரை மட்டும் நேத்து ராத்திரி எடுத்துட்டேன். அம்மாகிட்ட இன்னும் சொல்லல.

டிஸ்கி: ஹார்டியோட கதை கடைசியில என்ன ஆகுதுன்னு தெரிஞ்சவங்க தயவுசெஞ்சு வாயைத் திறக்காதீங்க. இன்னும் 90 பக்கம் பாக்கி. அடுத்த ட்ரிப்ல முடிச்சுடுவேன். ஓக்குக்கும் யாராவது கிரீடம் வச்சாங்கன்னா தெப்பக்காடு பாலத்துலேர்ந்து புத்தகத்தைத் தூக்கி ஆத்துல போட்டுருவேன்!