எந்த ஆங்கிலம் உலகப் பொது?

உந்தின் உறுப்புகளுக்குத் தமிழ்ப்பெயர் வேண்டா; ஆங்கிலப் பெயர்களே உலகப் பொது; அவற்றை விலக்கின் தமிழன் உலகினின்று ஒதுங்கிப் போவான் என்பார் இன்னும் உளர். அவர்களை ஒன்று கேட்டல் வேண்டும். எந்த ஆங்கிலம்? இங்கிலாந்தின் ஆங்கிலமா, அமெரிக்காவின் ஆங்கிலமா?

மகிழுந்தின் பொறியை மூடும் முன்மூடியை ஆங்கிலேயன் ‘பானெட்’ என்பான். அமெரிக்கன் ‘ஊட்’ என்பான். முன்னது மகளிர் தலையணி, பின்னது முக்காடு. அதே ‘ஊட்’ இங்கிலாந்தில் மகிழுந்தின் மடக்குத் துணிக்கூரையைக் குறிக்கும்! பின்புறப் பெட்டியறை ஆங்கிலேயனுக்குப் ‘பூட்’. குதிரைவண்டியில் மூட்டை வைத்த இடத்தின் பெயர் அது. அமெரிக்கனுக்கு அது ‘டிரங்கு’. பழைய உந்துகளின் பின்னே வாரிட்டுக் கட்டிய பெட்டியின் பெயர். முன்கண்ணாடியை ஒருவன் காற்றுத்திரை என்றான். மற்றவன் காற்றுக்கேடயம் என்றான். கன்னெய் ஒருவனுக்குப் ‘பெட்ரோல்’, மற்றவனுக்குக் ‘கேசு’. சரக்குந்து ஒருவனுக்கு ‘இலாரி’, மற்றவனுக்கு ‘டிரக்கு’.

ஒருமொழி பேசும் இரு நாட்டார் இவ்வாறு வேறுபட்டது ஏன்? 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் உந்து தோன்றியபின், அவரவரும் தத்தம் வாழ்வில் பழகிய வண்டி, பெட்டி, உடை ஆகியவற்றினின்றே பெயரெடுத்தனர். கடலுக்கு அப்பால் உள்ளவன் என்ன சொல்வானோ என்று காத்திருந்தாரல்லர். இதனால் தொழில் கெட்டதா? 1911இல் அமெரிக்கப் போர்டு நிறுவனம் இங்கிலாந்தின் மான்செசுடரில் தொழிற்சாலை தொடங்கி உந்துகளை ஆக்கிற்று. பெயர் இரண்டாயினும் உந்து ஓடிற்று.

இனித் தமிழன் நிலை யாது? பெட்டியறையை அவன் ‘டிக்கி’ என்கின்றான். அஃது இங்கிலாந்தில் பழைய உந்தின் பின்னே மடித்து வைத்த திறந்த இருக்கையின் பெயர். இலண்டனிலும் நியூயார்க்கிலும் இன்று பெட்டியறையை அங்ஙனம் அழைப்பாரிலர். மாற்று உருளையை ‘இசுடெப்னி’ என்கின்றான். அது வேல்சு நாட்டு இலனெல்லி ஊரில் ஒரு தெருவின் பெயர். அத்தெருவில் இரும்புக்கடை நடத்திய உடன்பிறந்தார் 1904இல் உருவாக்கிய மாற்று உருளை அப்பெயர் பெற்றது. உலகப் பொதுச்சொல் என்று தமிழன் போற்றுவது, பிறந்த நாட்டிலேயே வழக்கிழந்த சொல்லை!

மாற்று உருளை என்று கேட்ட சிறுவனுக்கு அதன் பயன் பெயரிலேயே விளங்கும். ‘இசுடெப்னி’யோ உருப்போட்டே நிற்கும். தமிழ்ப்பெயரின் ஊதியம் இதுவே. பேருந்து என்னுஞ் சொல் இன்று நிலையந்தோறும் பலகையில் நிற்கின்றது. மக்களும் அதனை எளிதில் அறிகின்றனர். முன்மூடியும் பெட்டியறையும் அவ்வாறே வழக்கூன்றும். பணிமனைத் தொழிலாளியும் பள்ளி ஆசிரியனும் சொல்லத் தொடங்குதல் ஒன்றே வேண்டுவது.

விலை கொடுத்தால் கருவி கிடைக்கும். அதனை ஆக்கும் அறிவோ, தன்மொழியில் பெயரிட்டுக் கற்றவனுக்கே வாய்க்கும்.