முடிவு யார் கையில்?

விடுமுறைக்கு ஏரல் வந்திருந்த என் பேரன், லேப்டாப்பை மூடிவிட்டு முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டான்.

"போங்காட்டம் தாத்தா! அந்த அம்மா என்ன பேசணும்னு நான்தான் தேர்ந்தெடுத்தேன். ரெண்டாவது தடவை வேற பதில் சொல்லிப் பார்த்தேன். கதை அதே மாதிரிதான் முடியுது!"

அவன் ஆடியது, 'வெண்பா' என்ற வீடியோ கேம். கனடாவில் குடியேறிய தமிழ்க் குடும்பத்தின் கதை. இட்லி, புட்டு என்று அம்மா சமைப்பாள். நாம் உதவ வேண்டும். டொரான்டோவின் 'விசை கேம்ஸ்' 2023ல் வெளியிட்டது. 2024ல் பிரிட்டனின் பாஃப்டா விருது பெற்றது.

குழந்தைகளே, பேரனின் கேள்வி சின்னதல்ல. 2012ல் பல நாட்டு ரசிகர்கள் இதற்காகவே சண்டை போட்டார்கள்!

'மாஸ் எஃபெக்ட்' என்பது பெரியவர்களுக்கான விண்வெளி விளையாட்டு. யாரைக் காப்பாற்றுவது, யாரை நம்புவது என்று ஆடுபவரே தீர்மானிக்க வேண்டும். 2007ல் வந்த முதல் பாகத்தில் செய்தது, மூன்றாம் பாகம் வரை தொடரும். முடிவும் அதைப் பொறுத்தே அமையும் என்றார்கள் தயாரிப்பாளர்கள். கடைசியில் என்ன வந்தது? சிவப்பு, நீலம், பச்சை என ஒளியின் நிறம் மாறியது. காட்சிகள் கிட்டத்தட்ட ஒன்றே!

கோபமடைந்த ரசிகர்கள், அந்த நிறுவனத்துக்குச் சுமார் 400 கப் கேக்குகளை அனுப்பினார்கள். மேலே மூன்று நிறம், சுவை ஒன்றே! நிறுவனத்துக்குப் புரிந்தது. அதே ஆண்டு ஜூனில், விரிவான முடிவை இலவசமாகக் கொடுத்தது. கதையை அடியோடு மாற்றவில்லை. நாம் செய்தவை என்ன பலன் தந்தன என்று கூடுதலாகக் காட்டியது.

ஒவ்வொரு தேர்வுக்கும் தனி முடிவு வைத்தால் என்ன? கணக்குப் போடுங்கள். 'ஆம், இல்லை' என்று 1 கேள்வி இருந்தால் 2 முடிவுகள். 2 கேள்விக்கு 4. 3 கேள்விக்கு 8. 10 கேள்விக்கு 1,024 முடிவுகள்! அத்தனையையும் யார் எழுதுவது, யார் வரைவது? அதனால்தான் பிரிந்த பாதைகளை மீண்டும் ஒன்றாகச் சேர்த்துவிடுகிறார்கள்.

வைகுண்ட ஏகாதசி இரவில் ஆடும் பரமபதத்தைப் பாருங்கள். ஏணியும் பாம்பும் தாயக்கட்டை விழுவதைப் பொறுத்தவை. எல்லோருக்கும் கடைசிக் கட்டம் ஒன்றுதான். அதை யாரும் போங்காட்டம் என்பதில்லை. ஏன்? 'முடிவு உன் கையில்' என்று அது வாக்குக் கொடுக்கவில்லை. வாக்குக் கொடுத்தால் காப்பாற்ற வேண்டும். இதுதான் என் கட்சி.

"அப்போ 'வெண்பா'ல நான் சொன்ன பதிலெல்லாம் வீண்தானே?" என்றான் பேரன்.

2023 டிசம்பரில் தாமிரபரணி வெள்ளம் ஏரலுக்குள் புகுந்ததை நினைவுபடுத்தினேன். சிக்கனமாக வாழ்ந்தவர் வீடு, ஊதாரி வீடு என்று தண்ணீர் பார்க்கவில்லை. எவர் தேர்வாலும் அது மாறியிருக்காது. ஆனால், இருந்த ஒரு பானைச் சோற்றை மூன்று வீட்டுக்குப் பங்கிட்ட பக்கத்து வீட்டு ஆச்சியை எங்கள் தெரு இன்றும் மறக்கவில்லை.

பேரன் சற்று யோசித்தான். "இருந்தாலும் தாத்தா, வெள்ளத்தை யாரும் உருவாக்கலை. விளையாட்டை ஒருத்தர் உருவாக்கியிருக்காரே!"

நல்ல கேள்வி! எனக்கு உடனே பதில் வரவில்லை. உங்கள் கட்சி எது? வீட்டிலும் வகுப்பிலும் விவாதித்துப் பாருங்கள்.