முகிலுக்கும் நேரம் குறித்த ஓவியர்

இயற்கைக் காட்சிகளை வரையும் ஓவியரை உலக நடப்பிலிருந்து ஒதுங்கியவர் என்று எண்ணுவோர் பலர். இளமையில் நானும் அப்படித்தான் எண்ணியிருந்தேன். அந்த எண்ணத்தை மாற்றியவர் ஆங்கிலேய ஓவியர் ஜோன் கொன்ஸ்டபிள்.

1776இல் இங்கிலாந்தின் சபோக் பகுதியில், ஆலை உரிமையாளர் ஒருவரின் மகனாகப் பிறந்தவர் அவர். காற்றாலையில் வேலை பழகியவனுக்கு வானத்தைப் பார்க்கத் தெரிந்திருக்க வேண்டும். 1821, 1822ஆம் ஆண்டுகளில் இலண்டனுக்கு அருகே ஹாம்ப்ஸ்டெட் மேட்டிலிருந்து அவர் முகில்களை மட்டுமே பொருளாகக் கொண்டு பல சிற்றோவியங்களைத் தீட்டினார். அவற்றுட் பலவற்றின் பின்புறத்தில் நாள், நேரம், காற்றின் திசை ஆகியவற்றை எழுதிவைத்தார்.

செய்தியாளனாகிய என்னை ஈர்த்தவை அந்தக் குறிப்புகளே. எங்கே, எப்போது என்பதை எழுதாத செய்தி செய்தியாகாது என்பது எங்கள் தொழிலின் முதற்பாடம். கொன்ஸ்டபிள் அப்பாடத்தை முகிலுக்கும் பொருத்தினார். கோடை நண்பகலைக் காட்டும் 'ஹே வெயின்' என்ற புகழ்பெற்ற ஓவியத்தை 1821இல் காட்சிக்கு வைத்தார். அதில் அவர் உழைத்தது இலண்டனின் குளிர்காலத்தில். ஆற்றினுள் நிற்கும் அந்த வண்டியின் அமைப்புப் பிசகிவிடக்கூடாதென்று, ஊரிலிருந்த வண்டியொன்றை வரைந்து அனுப்பச்செய்து பெற்றுக்கொண்டார்.

ஆயினும், இதே மனிதரிடம் எனக்கொரு வழக்கும் உண்டு. போருக்குப் பின்வந்த விலைவீழ்ச்சியாலும் வேலையின்மையாலும் நலிந்த பண்ணைத் தொழிலாளர்கள் 1822இல் கிழக்கு இங்கிலாந்தில் கொந்தளித்தனர். கதிரடிக்கும் இயந்திரங்கள் உடைக்கப்பட்டன. இரவுகளில் தீ மூட்டப்பட்டது. கொன்ஸ்டபிள் இதனை அறியாதவரல்லர். தம் நண்பருக்கு எழுதிய கடிதத்தில் ஊரில் எரியும் தீயைப் பற்றிக் குறிப்பிட்டிருக்கிறார். ஆனால் கடிதத்தில் இடம்பெற்ற தீ, கன்வஸில் இடம்பெறவில்லை. அங்கே ஸ்ரவர் ஆறு அமைதியாகவே ஓடுகிறது.

இதற்காக அவரைப் பொய்யர் என்று நான் சொல்லமாட்டேன். தாம் வளர்ந்த ஊரை அவர் நேசித்தார், நேசித்தவாறே வரைந்தார். அவர் காட்டிய வானம் உண்மையானது. அந்த வானத்தின் கீழ் வாழ்ந்தோரின் கதை அதில் முழுமையாக இல்லை என்பதும் உண்மையே. அவ்வோவியங்களையே பழைய இங்கிலாந்தின் முழுச் சாட்சியமாகக் கொள்வோமாயின், பிழை ஓவியருடையதன்று, பார்க்கும் நம்முடையது.

ஊரைப் பிரிந்து வாழும் நம்மவர் பலரும் பிறந்த மண்ணை மாரியின் பசுமையாகவும் கோடையின் வெயிலாகவுமே மனதில் வரைந்து வைத்திருக்கிறோம். அதில் தவறில்லை. ஆனால் அந்தச் சித்திரத்தின் பின்புறத்தில் நாளையும் நேரத்தையும், அன்று அங்கே எரிந்தது எது என்பதையும் எழுதிவைக்க வேண்டும். நமக்குப் பின் வருவோருக்கு அதுவும் தேவைப்படும்.