பதினேழாம் நம்பர் பை

மும்பை மாட்டுங்காவில் நான் முன்பு கணக்கு எழுதிய அலுவலகத்தின் வாசல் சுவரில் ஒரு துணிப்பை தொங்கும். செருப்பு வைக்கிற பை மாதிரி அறை அறையாக, ஒவ்வொன்றிலும் மார்க்கரில் எழுதிய நம்பர். என்னுடையது 17. காலை ஒன்பதரைக்குப் போனை அதில் போட்டால் சாயங்காலம்தான் கைக்கு வரும். கம்ப்யூட்டரில் ஜிமெயில்கூடத் திறக்காது. சம்பளம் கொடுக்கிற நேரம் கம்பெனியுடையது, அதில் சொந்த இணையம் பார்ப்பது திருட்டு என்பது மேனேஜரின் கட்சி. ஊரில் முக்கால்வாசி முதலாளிகளுக்கும் அதே கட்சிதான்.

இதற்குக் கோர்ட்டையே சாட்சிக்கு அழைப்பவர்கள் உண்டு. 2022 மார்ச்சில் சென்னை உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை, அரசு ஊழியர்கள் அலுவலக நேரத்தில் சொந்தக் காரியத்துக்குக் கைப்பேசி பயன்படுத்துவதைக் கட்டுப்படுத்த விதி வகுக்கச் சொன்னது உண்மைதான். ஆனால் வழக்கு எங்கிருந்து கிளம்பியது? அலுவலகத்துக்குள் சக ஊழியர்களை வீடியோ எடுத்ததாகப் பணியிடைநீக்கம் செய்யப்பட்ட ஒருவர் போட்ட வழக்கு அது. அடுத்தவரைக் கேட்காமல் படம் பிடித்தவரைத் தண்டியுங்கள். மகளின் பள்ளியிலிருந்து வந்த வாட்ஸ்அப்பைப் பார்க்கிறவரையும் அதே கூண்டில் ஏற்றுவானேன்?

சரி, திருட்டுக்கு வருவோம். தாராவியில் தொண்ணூறடி ரோட்டை ஒட்டிய சந்துகளில் தையல் பட்டறைகளைப் பாருங்கள். மெஷின் ஓடுகிறது, பக்கத்தில் போன் பாடிக்கொண்டிருக்கிறது. நூல் மாற்றுகிற இடைவெளியில் விரல் ஒருமுறை திரையைத் தள்ளுகிறது. பீஸ் கணக்குக் கூலி. வீடியோவில் மூழ்கினால் நஷ்டம் தைக்கிறவருக்குத்தான், அதனால் மூழ்குவதில்லை. சேட்டும் பையைத் தொங்கவிடவில்லை; சாயங்காலம் உருப்படியை எண்ணினால் போதும் அவருக்கு. வேலையை எண்ணத் தெரியாத இடத்தில்தான் போனை எண்ணுகிறார்கள். 2009இல் மெல்பர்ன் பல்கலைக்கழகத்தின் பிரென்ட் கோக்கர், வேலைக்கு நடுவே அளவோடு இணையம் மேய்கிறவர்கள் மேயாதவர்களைவிடச் சுமார் 9 விழுக்காடு கூடுதலாக உழைக்கிறார்கள் என்றார். அதை வேதவாக்காகக் கொள்ளச் சொல்லவில்லை. 'அளவோடு' என்பதைக் கவனித்தால் போதும்.

பாதுகாப்பு என்று சொன்னால் பாதி ஒப்புக்கொள்கிறேன். செம்பூரை அடுத்த மாஹுலில் எண்ணெய் சுத்திகரிப்பு ஆலைகள் இருக்கின்றன. அங்கே வாயு கசியக்கூடிய பகுதிக்குள் சாதாரணப் போனைக் கொண்டுபோனால் சிறு பொறியும் ஆபத்து. வங்கி அட்டை விவரங்கள் கையாளும் கால் சென்டரிலும் தடைக்கு நியாயம் உண்டு. ஆனால் அரிசி மண்டியின் பில் போடுகிற அறையில் என்ன வெடிக்கும்?

"அந்தக் காலத்தில் போன் இல்லாமல் வேலை நடக்கலையா?" நடந்தது. அப்போது மேசையில் லேண்ட்லைன் இருந்தது, வீட்டிலிருந்து கூப்பிட்டால் பியூன் வந்து சொல்வார். இப்போது அந்த மேசைப் போனும் இல்லை, பியூனும் இல்லை. ஹார்பர் லைன் ரயில் ஓடுகிறதா, பள்ளியைச் சீக்கிரம் விட்டுவிட்டார்களா எல்லாம் கைப்பேசியில்தான். 2025 ஆகஸ்ட் 19 அன்று கொட்டிய மழையில் மைசூர் காலனிக்கும் பக்தி பார்க்குக்கும் நடுவே மோனோரயில் அந்தரத்தில் நின்றுபோனது. 582 பேரைத் தீயணைப்புப் படையினர் ஏணி வைத்து இறக்கினார்கள். அப்படிப்பட்ட ஒரு சாயங்காலத்தில் வீட்டு ஆள் எந்த வண்டியில் ஏறினார் என்று துணிப்பையிடமா கேட்பது?

இத்தனைக்கும் நேரத்துக்கு இவர்கள் போடுகிற வேலி ஒரு பக்கத்துக்குத்தான். வேலை நேரம் முடிந்தபின் அலுவலக அழைப்புகளுக்குப் பதில் சொல்லாமலிருக்கும் உரிமை கோரி, 2018இல் பாராமதி உறுப்பினர் சுப்ரியா சுலே மக்களவையில் தனிநபர் மசோதா கொண்டுவந்தார். அது சட்டமாகவில்லை. அலுவலக நேரம் கம்பெனியுடையது என்றால் இரவு யாருடையது?

எங்கள் மேனேஜரின் மெசேஜ் இரவு பதினொன்றேகாலுக்கு வரும்: 'ஜிஎஸ்டி ஷீட் உடனே அனுப்பு.' நீலக்குறி விழுந்தும் பதில் போகவில்லை என்றால் காலையில் விசாரணை. பெரும்பாலும் நான் 17ஆம் பையில் போனைப் போட்டுக்கொண்டிருக்கும்போதுதான் ஆரம்பிப்பார்.