ஞாயிறு காலையை அவளிடமே விட்டுவிடுங்கள்

எங்கள் மாடியில் குடியிருப்பவர்களுக்கு ஒரே பெண். இங்கே பாளையங்கோட்டையில் பிளஸ் டூ படிக்கிறாள். பெயரைப் போட்டால் சண்டைக்கு வருவாள். மாடி வீட்டுப் பிள்ளை என்றே வைத்துக்கொள்வோம். டாக்டராக வேண்டும் என்பது அவள் ஆசை. அவளுடைய அம்மா அப்பாவுக்கு அதைவிடப் பெரிய ஆசை.

விடிகாலை நாலரைக்கு மாடியில் விளக்கு எரியும். முதலில் பைபிள், அப்புறம் பயாலஜி. இரவு ஒன்பது மணிக்குக் குடும்ப ஜெபம். ஆளுக்கு இரண்டு வசனமாக வாசித்து, கடைசியில் ஒரு கீர்த்தனை பாடுவார்கள். அப்பாவுக்குச் சுருதி சேராது. பிள்ளைதான் அவரை இழுத்துக்கொண்டு வந்து கரை சேர்ப்பாள். அந்தப் பத்து நிமிடமும் என் மனைவி டிவி சத்தத்தைக் குறைத்துவிடுவாள். யாரும் கேட்டுக்கொண்டதில்லை, அப்படியே பழகிவிட்டது.

உனக்கு என்னவெல்லாம் பிடிக்கும் என்று ஒருநாள் கேட்டேன். விரல் விட்டு எண்ணினாள். பைபிளில் ரூத்தின் கதை. சாப்பாட்டில் என் மனைவி வைக்கும் சொதி. அதற்கு அடுத்து, அவள் அப்பாவின் ஊர்க் கோயிலில் அசனத்தன்று பந்தியில் ஊற்றும் ஆட்டுக்கறிக் குழம்பு. கிரிக்கெட்டில் ஸ்மிருதி மந்தனா. மாதத்தில் டிசம்பர், மூங்கில் குச்சியும் கலர்த்தாளும் வாங்கி வந்து மொட்டை மாடியில் நட்சத்திரம் கட்டலாம் அல்லவா! "எல்லாத்துக்கும் மேல, ஞாயித்துக்கிழமை பாடகர் குழு தாத்தா. நான் ஆல்டோ" என்றாள். ஆல்டோ என்றால் எனக்குக் கார்தான் தெரியும். பெண்களில் கீழ்க்குரல் பாடுகிறவர்கள் என்று விளக்கினாள். பாட்டைத் தூக்கிக்கொண்டு போகிறவர்கள் மேல்குரல்காரர்கள், விழாமல் தாங்குகிறவர்கள் நாங்கள் என்றாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமைக்குத்தான் வினை வந்தது. அவள் நீட் பயிற்சிக்குப் போகும் இடத்தில், ஜூலை முதல் ஞாயிறுதோறும் காலை எட்டரையிலிருந்து பன்னிரண்டு வரை தேர்வு என்று அறிவித்தார்கள். வராவிட்டால் தரவரிசையில் பெயர் இருக்காது. ஏழு வாரம் கோயிலுக்குப் போகவில்லை. பாடகர் குழுவில் அவள் இடத்தில் வேறொரு பிள்ளை நின்றது. அம்மா என்னிடம் வந்து, "சார், பிள்ளை சரியாச் சாப்பிட மாட்டேங்கா. நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க" என்றார்.

நானும் பெரிய மனிதத் தோரணையில் சொன்னேன்: "ஒரு வருஷம்தானம்மா. சாமி எங்கேயும் ஓடிப் போயிடாது. அடுத்த வருஷம் சேர்த்துக் கும்பிட்டுக்கலாம்."

அவள் கோபப்படவில்லை. "தாத்தா, தெனமும் குளிச்சிட்டு விபூதி பூசிக்கிட்டுத்தான காப்பி குடிக்கீங்க? அத ஒரு வருஷம் நிறுத்தச் சொன்னா நிறுத்துவீங்களா?" என்று கேட்டாள்.

எனக்குப் பதில் வரவில்லை. முப்பத்தாறு வருடம் தபால் இலாகாவில் வேலை பார்த்தேன். எத்தனையோ அதிகாரிகள், எத்தனையோ அவசரம். விபூதி பூசாமல் வேலைக்குப் போன நாள் ஒன்றுகூட இல்லை. அதை யாரும் என்னிடம் கேட்கவும் இல்லை. எனக்கு யாரும் வைக்காத நிபந்தனையை அந்தப் பிள்ளைக்கு நான் வைத்திருக்கிறேன். அன்று இரவு அது உறைத்தது.

இது நடப்பது எந்த ஊரில் என்று பாருங்கள். ரேனியஸ் ஐயர் 1820-இல் வந்து இறங்கிய ஊர். ஊசிக் கோபுரம் என்று நாம் சொல்லும் பேராலயம் 1826-இல் எழுந்த ஊர். அந்தக் கோயில்களை ஒட்டி வந்த பள்ளிக்கூடங்களில் படித்துத்தான் என்னைப் போன்றவர்கள் உத்தியோகத்துக்குப் போனோம். படிப்பும் கோயிலும் ஒரே காம்பவுண்டுக்குள் இருந்த ஊரில், இன்று ஒரு பிள்ளையிடம் இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடு என்கிறோம்.

ஞாயிறு விடுமுறை கிறிஸ்தவர்களுக்காக மட்டும் வந்தது என்றும் நினைக்க வேண்டாம். பம்பாய் மில் தொழிலாளர்களுக்கு வாரம் ஒருநாள் ஓய்வு வேண்டும் என்று நாராயண் மேகாஜி லோகாண்டே பல வருடம் போராடி, 1890-இல் ஞாயிற்றுக்கிழமையை வாங்கித் தந்தார். ஞாயிறு கண்டோபா சாமிக்கு உகந்த நாள் என்பதும் அவர்கள் சொன்ன காரணங்களில் ஒன்று. உழைக்கிறவனுக்கு உடம்புக்கு ஓய்வு போதாது, கும்பிடவும் ஒருநாள் வேண்டும் என்று அன்றைக்கே அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது.

ஞாயிறு பள்ளியில் கேட்ட ஒரு கதையையும் பிள்ளை சொன்னாள். எரிக் லிடெல் என்று ஒரு ஸ்காட்லாந்துக்காரர். 1924 பாரிஸ் ஒலிம்பிக்கில் 100 மீட்டர் ஓட்டத்தின் தகுதிச் சுற்று ஞாயிறன்று வந்ததால் ஓட மாட்டேன் என்று சொல்லிவிட்டார். வேறொரு நாளில் 400 மீட்டர் ஓடி, 47.6 வினாடியில் தங்கம் வாங்கினார். நல்ல கதைதான். ஆனால் அவருக்கு ஓடுவதற்கு இன்னொரு பந்தயம் இருந்தது. நம் பிள்ளைகளுக்கு இருப்பது ஒரே பந்தயம்.

அதனால் ஞாயிறு தேர்வே கூடாது என்று நான் சொல்ல வரவில்லை. நீட் தேர்வே ஞாயிறன்றுதான் நடக்கிறது. 2023-இல் மே 7, 2024-இல் மே 5, 2025-இல் மே 4, மூன்றும் ஞாயிறு. ஆனால் மூன்று வருடமும் தேர்வு தொடங்கியது பிற்பகல் இரண்டு மணிக்கு. உண்மையான தேர்வு மத்தியானம் நடக்கும்போது, ஒத்திகைத் தேர்வு மட்டும் காலையில் எதற்கு? சாப்பிட்ட பிறகு, வெயிலில், கண் சொக்கும் நேரத்தில் உட்கார்ந்து எழுதிப் பழகுவதுதானே சரியான பயிற்சி?

"வெளியூர்ப் பிள்ளைகள் வீடு திரும்ப இருட்டிவிடும்" என்று பயிற்சி நிலையத்தில் சொன்னார்கள். நியாயமான பேச்சுதான். பெண் பிள்ளையை வைத்திருக்கிற யாரும் அதைத் தள்ளிவிட முடியாது. காலையில் எழுத விரும்புகிறவர்கள் காலையில் எழுதட்டும். கேட்கிற பிள்ளைகளுக்கு மட்டும் மத்தியானம் ஒரு அறையைத் திறந்துவிட்டால் போதும். வெள்ளிக்கிழமை ஜும்மாவுக்குப் போகும் பையனுக்கும் இதே மாதிரி வழி செய்துகொடுக்க வேண்டும். ஒரு மதத்துக்குக் காட்டும் சலுகையாக இதை நினைக்கக் கூடாது. பிள்ளை எந்த வீட்டிலிருந்து வருகிறது என்று தெரிந்து நடந்துகொள்வது, அவ்வளவுதான்.

கோயிலுக்குப் போனால் மனம் அமைதியாகும், மதிப்பெண் கூடும் என்று சிலர் வாதாடுவார்கள். அந்த வாதத்தை நான் எடுக்க மாட்டேன். மதிப்பெண் கூடாவிட்டால் நிறுத்திவிடலாமா? அவள் பாடுவது அவளுக்கும் அவள் ஆண்டவருக்கும் உள்ள விஷயம். அதற்கு நாம் லாப நஷ்டக் கணக்கு எழுத வேண்டியதில்லை.

கடைசியில் அவள் அப்பா ஒரு முடிவுக்கு வந்தார். தரவரிசை போனால் போகட்டும், வினாத்தாள் மட்டும் கொடுங்கள் என்று வாங்கி வந்துவிட்டார். இப்போது ஞாயிறு காலை கோயில். மத்தியானம் இரண்டு முதல் ஐந்து வரை எங்கள் வீட்டு முன்னறையில் தேர்வு. 180 கேள்வி, 720 மதிப்பெண். கண்காணிப்பாளர் நான். கடிகாரத்தை மேசைமேல் வைத்துக்கொண்டு, பேப்பரைக்கூடப் புரட்டாமல் உட்கார்ந்திருக்கிறேன். போன வாரம் அரைமணி தூங்கிவிட்டேனாம். "மேற்பார்வையாளர் குறட்டை விட்டதால் இரண்டு கேள்வி போச்சு" என்று புகார் எழுதிக் கொடுத்திருக்கிறாள்.

அவளுக்கு மருத்துவ இடம் கிடைக்குமோ கிடைக்காதோ, எனக்குத் தெரியாது. இப்போது சாப்பிடுகிறாள். ஆல்டோவில் அவள் இடம் அவளுக்குத் திரும்பக் கிடைத்துவிட்டது. டிசம்பரில் நட்சத்திரம் கட்ட மூங்கில் குச்சி நான்தான் வாங்கித் தர வேண்டுமாம்.