ஸ்மார்ட் போர்டு வந்தாச்சு... பிள்ளைங்க கைக்கு என்ன வந்தது?

காரைக்குடி பக்கத்தில் ஆத்தங்குடி. கண்ணாடி மேல் உலோக அச்சை வைத்து, அதன் கட்டங்களில் வண்ணச் சிமென்ட் கலவையை ஊற்றி, கையாலேயே டைல்ஸ் செய்யும் ஊர். சில டிசைன்களில் ஒரு கல்லில் இருப்பது கால்வாசிப் பூதான். நாலு கல்லைச் சரியாகத் திருப்பி வைத்தால்தான் முழுப் பூ.

பள்ளிக் கணக்கில் வரும் சமச்சீர்த்தன்மை பாடத்துக்கு இதைவிட நல்ல பொருள் கிடைக்குமா? இப்போ இரண்டு வகுப்பறைகளை நினைச்சுப் பாருங்க. ஒன்றில் ஸ்மார்ட் போர்டில் மூன்று நிமிட அனிமேஷன் ஓடுது. பிள்ளைங்க பார்க்கிறாங்க, அவ்வளவுதான். இன்னொன்றில், ஆசிரியரின் டேப்லெட்டில் ஊர்த் தரைகளைப் படம் எடுத்து வந்து, ஜியோஜீப்ரா மென்பொருளில் கால்வாசிப் பூவை மட்டும் வரைந்து சுழற்றுறாங்க. தப்பாச் சுழற்றினா பூ உடைஞ்சு நிற்கும். ஏன் உடைஞ்சதுன்னு அவங்களே தேடணும். இரண்டு இடத்திலும் திரை உண்டு, கரன்ட் உண்டு. ஆனால் கணக்கு மனசில் ஏறுவது இரண்டாவது வகுப்பில்தான்.

இதென்ன புது ஐடியாவா?

இல்லை. அறிவை யாரும் ஊட்ட முடியாது, குழந்தை தானே அதைக் கட்டிக்கொள்கிறது என்றார் சுவிஸ் அறிஞர் ழான் பியாஜே. அவரிடம் வேலை பார்த்த சீமோர் பேப்பர்ட், 1967-லேயே குழந்தைகளுக்கான 'லோகோ' கணினி மொழியை உருவாக்கியவர்களில் ஒருவர். கணினி குழந்தைக்குக் கட்டளை போடக் கூடாது, குழந்தைதான் கணினிக்குப் போட வேண்டும் என்பது அவர் கட்சி.

நம்ம ஊரிலும் இது நடந்திருக்கு, அதுவும் திரையே இல்லாமல். ஆந்திராவின் ரிஷிவேலி முறையைப் பார்த்து, 2003-ல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் செயல்வழிக் கற்றல் தொடங்கியது. 2007-08-ல் மாநிலம் முழுக்கப் போனது. கரும்பலகை பிள்ளைகள் உயரத்துக்கு இறங்கியது, ஆசிரியர் தரையில் வந்து உட்கார்ந்தார். அந்தத் தாழ்ந்த கரும்பலகையைப் போல ஒரு 'டெக்னாலஜி' அதுக்கப்புறம் வரலை என்பேன். நாளாக ஆக, பல இடங்களில் கற்றல் அட்டையை முடிப்பதே வேலை என்று ஆகிப்போனது வேறு கதை.

இப்போ என்ன பிரச்னை?

பணம் வந்திருக்கு. 22,931 திறன்மிகு வகுப்பறைகளுக்கு 455.32 கோடி ரூபாய். தொடக்க, நடுநிலைப் பள்ளி ஆசிரியர்கள் 79,723 பேருக்கு டேப்லெட். குறை சொல்ல ஒன்றும் இல்லை. ஆனால் கவனிங்க: போர்டு சுவரில், டேப்லெட் ஆசிரியரிடம். பழைய கரும்பலகை கீழே இறங்கியது, புதுசு மறுபடி மேலே ஏறிடுச்சு.

ஆசிரியரைக் குற்றம் சொல்வது சுலபம். ஓர் அனிமேஷனைப் போட மூன்று நிமிடம் போதும். பிள்ளைகளைச் செய்யவிட்டால் இரண்டு பீரியட் போயிடும், வகுப்பில் சத்தமும் வரும். எமிஸ் தளப் பதிவுகளே நேரத்தைத் தின்னுதுன்னு ஆசிரியர் சங்கங்கள் பல வருஷமாச் சொல்லுது. அந்த நேரத்தைக் கொடுக்காமல் கருவியை மட்டும் கொடுத்தால் அது வீடியோ பெட்டியாகத்தான் இருக்கும்.

கைக்கு வேலை தரும் திட்டமும் அரசிடமே இருக்கு. 2022 நவம்பரில் தொடங்கிய வானவில் மன்றம், 6 முதல் 8-ம் வகுப்பு வரை அறிவியல், கணிதச் சோதனைகளைப் பள்ளிக்கே கொண்டு போகிறது. காரைக்குடியில் 1953 முதல் மத்திய மின்வேதியியல் ஆய்வகமே இயங்குது. பேட்டரி ஆராய்ச்சிக்குப் பேர் போன இடம். எலுமிச்சம்பழத்தில் செம்பும் துத்தநாகமும் செருகி மின்னழுத்தம் அளக்க அந்த ஊர்ப் பிள்ளைக்கு ஒரு மல்டிமீட்டர் போதும். ஸ்மார்ட் போர்டு எதுக்கு? பத்துக் குழு எடுத்த அளவுகளையும் ஒரே வரைபடமாப் போட்டு, "உன்னோடது மட்டும் ஏன் குறையுது?"ன்னு சண்டை போட.

உங்க வீட்டுப் பிள்ளை அரசுப் பள்ளியில் படிச்சா, அடுத்த பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் போர்டு வேலை செய்யுதான்னு மட்டும் கேட்டுட்டு வராதீங்க. போன மாசம் அதைப் பிள்ளைங்க எத்தனை தடவை தொட்டாங்கன்னும் கேளுங்க.